உருளைக்காவின் பேட்டரிகள்

ஜெயவேலுவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் 'நோ' என்ற சொல்லும் உண்டு. ஆனால் அது அவர் வாயிலிருந்து தனியாக வந்ததில்லை. பின்னாலேயே 'ப்ராப்ளம்' என்பதையும் இழுத்துக்கொண்டுதான் வரும். "நோ ப்ராப்ளம் சார்." "நோ ப்ராப்ளம் மேடம்." இந்த இரண்டை வைத்தே மனுஷன் செம்பாக்கத்தில் ஒரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டியவர். மறைமலை நகரில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். அவற்றை நிறுவ வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்தார்கள், மனைவிமார்களும் கூடவே வந்தார்கள். தொழிற்சாலைக்குள் எல்லாம் எழுதி வைத்தபடி நடந்தது. வீட்டுக்குள் எதுவும் அப்படி நடக்கவில்லை. தண்ணீர் லாரி வரும் என்ற நாளில் வராது, மறந்துபோன நாளில் வந்து வாசலில் ஹாரன் அடிக்கும். ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது கேஸ் தீர்ந்துபோனது. ஜெயவேலு நேராகத் தன் வீட்டுக்குப் போனார். எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்து, சிலிண்டரைக் கழற்றி, டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி காந்திமதி பாதி வெந்த சாம்பாரைப் பார்த்தபடி நின்றாள். அந்த வாரம் முழுக்க அவரிடம் ஜாடையில்தான் பேசினாள்.

ஆனால் அந்தச் சிலிண்டருக்குப் பிறகு ஜெயவேலுவின் செல்போன் எண் கைக்குக் கை போனது. கடைசியில் ஒரு ஜெர்மன் கம்பெனி அவரைக் காரோடு சேர்த்து நிரந்தரமாக அமர்த்திக்கொண்டது. அந்த வேலைக்குக் கம்பெனி ஏதோ நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. யாராவது கேட்டால் சொல்ல ஜெயவேலுவுக்கு வாய் வராது. காந்திமதிதான் சுருக்கிச் சொன்னாள்: "வெள்ளக்காரங்களுக்கு மாமியார் வேல."

அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. "மிஸ்டர் ஜெயவேலு, சமையலறைச் சுவரில் ஒரு சின்ன முதலை இருக்கிறது" என்று ஒருவர் கூப்பிடுவார். போனால் பல்லி. "தெரு முழுக்கப் புகை, நாங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டோம்" என்பார் இன்னொருவர். கொசு மருந்து அடிக்கும் வண்டி வந்திருக்கும். ஆடி மாதம் வந்தால், அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு மேலாளர் யார், அவரை எந்த நேரத்தில் சந்திக்கலாம் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஜெயவேலுவின் பதில் ஒன்றேதான். சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பார்.

2006 ஜூன் மாதத்தில் அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் மத்தியாஸும் அவர் மனைவி ஊல்ரிக்காவும் வந்து சேர்ந்தார்கள். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடி வீடு. மத்தியாஸ் சாதுவான மனிதர். கொஞ்சம் அதிகமாகவே உயரம். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, அதனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். ஊல்ரிக்கா தன் ஊரில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எந்த அடுக்குக்குப் போகவேண்டும் என்று யோசிக்கும் கண்கள். அவர் பெயர் காந்திமதியின் நாக்கில் நிற்கவில்லை. ரெண்டு தடவை முயன்றுவிட்டு 'உருளைக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். தெரு அதையே பிடித்துக்கொண்டது. அர்த்தம் தெரியவந்தபோது அந்த அம்மாளுக்குச் சந்தோஷம்தான். அவர்கள் ஊரில் உருளைக்கிழங்கு இல்லாமல் சாப்பாடே கிடையாதாம்.

வந்த முதல் வாரமே உருளைக்கா நான்கு பக்கெட்டுகள் வாங்கினார். காய்கறித் தோலுக்குப் பச்சை, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், மற்றதுக்கெல்லாம் கறுப்பு. தயிர்ப் பாக்கெட்டைக் கழுவி, உதறி, துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, பிறகுதான் மஞ்சளில் போடுவார். எதிர்வீட்டுக்காரர்கள் கொடியில் தொங்கும் தயிர்ப் பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு, இது ஏதோ திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

தெருவில் குப்பை எடுக்க வருபவள் அங்காளம்மாள். மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு விசில் ஊதியபடி வருவாள். அன்றைக்கு வாசலில் வரிசையாக நின்ற நான்கு பக்கெட்டுகளையும் பார்த்து அவளுக்கே மரியாதை வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பதவிசாகத் தூக்கி, நான்கையும் ஒரே வண்டியில் கவிழ்த்து, மேலே காலால் ஒரு மிதி மிதித்துவிட்டுப் போனாள்.

இதை உருளைக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டார். ஜெயவேலுவின் போன் அடித்தது.

"எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டார், மிஸ்டர் ஜெயவேலு."

"நோ ப்ராப்ளம் மேடம். அங்கே போனதும் பிரித்துவிடுவார்கள்."

"அங்கே என்றால் எங்கே?"

ஜெயவேலு சிக்னலில் நின்றிருந்தார். பச்சை விழுந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆனால் உருளைக்கா விடுகிற ஆள் இல்லை. அப்போதுதான் ஒரு டீச்சரிடம் தமிழ் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். மற்றவர்கள் 'வணக்கம்', 'எப்படி இருக்கீங்க' என்று தொடங்குவார்கள். இவர் கேட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம், "குப்பை எங்கே போகுது?" பால்காரரிடம் கேட்டார். அயர்ன்காரரிடம் கேட்டார். தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்களிடமும் கேட்டார். குருக்கள் ஏதோ தத்துவக் கேள்வி என்று நினைத்து ரொம்ப நேரம் பதில் சொன்னார்.

ஜெயவேலு வேறு வழியில்லாமல் உருளைக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு, வேளச்சேரி சாலையில் இருந்த சேட்டுவின் பழைய பேப்பர் கடைக்கு அழைத்துப் போனார். பெயர்தான் சேட்டு, ஆள் அசல் தாம்பரத்துக்காரர். வழியிலேயே அவருக்குப் போன் போட்டு, "யண்ணா, ஒரு வெள்ளக்காரம்மாவ இட்டுனு வரேன். உங்க கடைதான் பெரிய ரீசைக்கிளிங் சென்டர்னு சொல்லிக்கீறேன். கொஞ்சம் பாத்துக்க" என்றார்.

"இன்னா சென்டர்னு சொல்லிக்கீற?" என்று சேட்டு கேட்பதற்குள் கார் போய் நின்றுவிட்டது.

ஆனால் உருளைக்காவுக்குக் கடை ரொம்பப் பிடித்துப்போனது. பீர் பாட்டில் ஒரு பக்கம், எண்ணெய் டின் ஒரு பக்கம், நோட்டுப் புத்தகம் ஒரு பக்கம் என்று எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. அவர் ஆழ்ந்து மூச்சு விட்டார், சொந்த ஊரில் இறங்கின மாதிரி. அதற்கப்புறம் வாராவாரம் லேபிள் உரித்துக் கழுவித் துடைத்த பாட்டில்களோடு வந்து நின்றார். இவ்வளவு சுத்தமான சரக்கை சேட்டு ஆயுசில் பார்த்ததில்லை. அதற்கு அந்த அம்மாள் விலையும் வாங்க மாட்டேன் என்றதும் சேட்டுவுக்குப் பயம் வந்துவிட்டது, இது ஏதோ ரெய்டுக்கு முன்னேற்பாடு என்று. பயத்தில் ஒரு புது பிளாஸ்டிக் குடத்தைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார். உருளைக்கா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சேட்டு ஏற்றுக்கொள்ளாத பொருள் ஒன்றே ஒன்றுதான். தீர்ந்துபோன பேட்டரி. ரிமோட், சுவர்க் கடிகாரம், டார்ச், மத்தியாஸின் பல் துலக்கும் மெஷின் என்று அந்த வீட்டில் அது சேர்ந்துகொண்டே இருந்தது. அதற்குள் இருக்கும் விஷம் மண்ணில் இறங்கி ஏரித் தண்ணீருக்குப் போகும் என்று உருளைக்கா விளக்கினார். ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும் நீல நிற டேப்பை ஒட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். டின் நிரம்பியதும் ஜெயவேலுவிடம் கொடுத்தார்.

"இதை வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கும். உங்களுக்குத் தெரியுமா?"

"நோ ப்ராப்ளம் மேடம்."

ஜெயவேலு உண்மையாகவே விசாரித்தார். எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டார், சிரித்தார்கள். கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் கேட்டார். அவர் தன் கடைக்குப் பின்னால் இருந்த சாக்கடையைக் காட்டினார். டின் சில நாள் காரிலேயே கிடந்தது, வளைவில் திரும்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு. கடைசியில் ஒரு சாயங்காலம், ஏரிக்குப் போகும் வழியில் எல்லோரும் குப்பை கொட்டும் காலி மனையில் அதைக் கவிழ்த்துவிட்டு, டின்னைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். உருளைக்கா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த டின்னும் அங்கேதான் போனது.

உருளைக்காவுக்குக் காலையில் நடக்கிற பழக்கம் உண்டு. வழக்கமாகப் போகும் தெருவில் அன்று கேபிளுக்குப் பள்ளம் தோண்டியிருந்ததால் ஏரிப் பக்கம் திரும்பினார். காலி மனையில் முந்தின நாள் மழை பெய்து, மேலே கிடந்த சாம்பல் கரைந்திருந்தது. அதற்கு நடுவே, வெயில் பட்டு, நீலநீலமாக முனை தெரிந்தது.

ஜெயவேலு வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது உருளைக்கா வாசலில் நின்றிருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. கையில் ஒரு பை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஜெயவேலு கண்ணாடியில் பார்த்தார். பையிலிருந்து நீலம் தெரிந்தது.

திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். காந்திமதியிடம் பழகிய உடம்பு. ஆனால் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியாயிற்று, கேம்ப் ரோடு தாண்டியாயிற்று, பின் சீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தாம்பரம் மார்க்கெட் நெரிசலில் வண்டி நின்றபோது ஜெயவேலுவால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"மேடம், நோ."

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. உருளைக்கா 'ப்ராப்ளம்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"நோ பிளேஸ் மேடம். நானும் எல்லா இடத்திலும் கேட்டேன். பேட்டரி வாங்குகிற இடம் எனக்குத் தெரிந்து எங்கேயும் இல்லை. உங்களிடம் இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது."

உருளைக்கா கையிலிருந்த பையைப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "இல்லை என்பது எனக்குக் கஷ்டம் இல்லை, மிஸ்டர் ஜெயவேலு. இல்லை என்றால் வேறு வழி யோசிக்கலாம். இருக்கிறது என்றால் நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன் அல்லவா?" என்றார்.

அன்று முதல் ஜெயவேலுவின் வாயில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஓட்டிப் பார்க்காத புது வண்டியை எடுப்பதுபோல அங்கங்கே 'இல்ல' என்று சொல்லிப் பார்த்தார். கல்யாணத்துக்குக் கம்பெனி காரைக் கேட்ட மச்சானிடம் சொன்னார். மச்சான் திகைத்துப்போய் ஆட்டோவில் போனான். தண்ணீர் லாரி நாளைக்கு வராது என்று வெள்ளைக்காரர்களிடம் முன்கூட்டியே சொன்னார். அவர்கள் முந்தின நாளே பிடித்து வைத்துக்கொண்டு, அவருக்கு நன்றியும் சொன்னார்கள். காந்திமதியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அது மட்டும் சரிப்படவில்லை.

வேறு வழி என்று உருளைக்கா யோசித்தது மத்தியாஸின் பெட்டியை. 2007 செப்டம்பரில் அவர் ஒரு மீட்டிங்குக்காக ஊருக்குப் போகவேண்டியிருந்தது. பகல் விமானத்தில் பம்பாய் போய், அங்கிருந்து ஜெர்மனி. காலி மனையிலிருந்து பொறுக்கியதும் பிறகு சேர்ந்ததுமாக எல்லாப் பேட்டரிகளையும் புதிதாக நீல டேப் ஒட்டி, வரிசையாக அடுக்கி, ஒரு டர்க்கி டவலில் இறுக்கமாகச் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தார் அவர் மனைவி. மத்தியாஸ் தடுக்கவில்லை. தடுக்கிற குணம் அவருக்குக் கிடையாது.

மீனம்பாக்கத்தில் அவரை இறக்கிவிட்டு, ஜெயவேலு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு காவலர் ஓடிவந்து, "இங்க ஜெயவேலு யாருப்பா?" என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அறையில் மத்தியாஸ் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் டவல் விரித்துக் கிடந்தது. அதன்மேல் நீல முனையுடன் பேட்டரிகள், சிப்பாய்களைப் போல. சுற்றிலும் நின்றவர்கள் எல்லோரும் ஒரு அடி தள்ளியே நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் பத்ரிநாராயணன் என்று பெயர்ப்பட்டை குத்திய அதிகாரி.

"இந்த மனுஷன் கேட்டதுக்கெல்லாம் சாரி, சாரின்னே சொல்லிண்டிருக்கார். உங்க பேரைத்தான் சொன்னார். இது எதுல போடற பேட்டரி?"

"எதுலயும் போட முடியாது சார். செத்துப்போன பேட்டரி."

"செத்துப்போனத எதுக்கு டேப் ஒட்டி வச்சிருக்கார்?"

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாதாம் சார்."

"சரி. இத ஜெர்மனிக்கு எடுத்துண்டு போய் என்ன செய்யப் போறார்?"

"தூக்கிப் போடப் போறாரு சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "குப்பையிலயா?"

"ஆமா சார். அங்க அதுக்குன்னு தனிக் குப்பை கீதாம்."

"குப்பை போடறதுக்கு ஒருத்தர் ஜெர்மனி வரைக்கும் போகணுமா? ஏன், இந்த ஊர்ல குப்பை போட இடமா இல்ல?"

சொல்லிவிட்டு அவர் கையை ஜன்னல் பக்கம் நீட்டினார். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சொன்னதற்கு வேண்டிய அளவு ஆதாரம் குவிந்து கிடந்தது. அதில் ஒரு மாடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அதிகாரி மெல்லக் கையை மடக்கிக்கொண்டார்.

"அந்தம்மா சொல்றதும் அதான் சார்" என்றார் ஜெயவேலு.

பேட்டரியை விமானத்தில் ஏற்ற முடியாது, டவலை வேண்டுமானால் கொண்டு போகலாம் என்று முடிவானது. மத்தியாஸ் கடைசியாக ஒரு சாரி சொல்லிவிட்டு, வாசல் நிலைக்குக் குனிந்து போனார். பேட்டரி எல்லாம் ஒரு பையில் ஜெயவேலுவின் கைக்கு வந்தது. வெளியே வரும்போது பத்ரிநாராயணன் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இத இப்ப எங்க போடுவீங்க?"

"தெரில சார்."

"தெரிஞ்சா எனக்கும் ஒரு போன் பண்ணுங்கோ. எங்காத்துல ஒரு டப்பா நிறைய இருக்கு."

பை வீட்டுக்கு வந்தது. காந்திமதி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏர்போர்ட்டுக்குப் போனவன்லாம் சென்ட்டு பாட்டில் எடுத்தாறான். நீ இன்னாத்தய்யா எடுத்தாந்துகீற?"

அடுத்த மாதம் ஆயுத பூஜை. தொழிற்சாலையில் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஜெயவேலு காந்திமதியையும் உருளைக்காவையும் காரில் அழைத்துப் போனார். பெரிய பெரிய மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. தீயணைக்கும் சிலிண்டருக்குப் பொட்டு, தண்ணீர் கூலருக்குப் பொட்டு. உருளைக்கா பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தபடி நடந்தார். பின்பக்கத்துக் கொட்டகையில் சாமந்தி மாலை போட்டு ஒரு சிவப்பு டிரம் நின்றது. அதன்மேல் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது: 'தீர்ந்த பேட்டரிகள் மட்டும்.'

உருளைக்கா நின்றுவிட்டார். ஜெயவேலுவும் படித்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே அடியை மூடியும் மூடாமலும் சில பேட்டரிகள் கிடந்தன. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஜீவானந்தம் பக்கத்தில் வந்து பெருமையாகச் சொன்னார்: "தொழிற்சாலை ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து இருக்கு மேடம். இதுக்குன்னே ஒரு லாரி வந்து எடுத்துட்டுப் போகும். உங்க ஹஸ்பெண்ட்தான் டிசைன் அப்ரூவ் பண்ணினார்."

மத்தியாஸ் கொஞ்ச தூரத்தில், நெற்றியில் விபூதியோடு பொரி தின்றுகொண்டிருந்தார்.

"மத்தியாஸ்" என்று அவர் மனைவி ரொம்ப மென்மையாகக் கூப்பிட்டார்.

அப்புறம் ஜெர்மன் மொழியில் பேசியது யாருக்கும் புரியவில்லை. ஆனால் மத்தியாஸ் சொன்ன பதிலை அந்த மொழி தெரியாத காந்திமதியே விளங்கிக்கொண்டாள். "அது ஃபேக்டரி குப்பைக்கு, இது வூட்டுக் குப்பை. ரெண்டும் ஒண்ணுன்னு இந்த ஆளுக்குத் தோணவே இல்லியாம்" என்று கணவனின் காதில் சொன்னாள். "எல்லா ஊர்லயும் ஆம்பளைங்க ஒரே மாதிரிதான் கீறானுங்க."

அதற்குப் பிறகு பேட்டரிகள் ஜெயவேலுவின் காரில் ஏறி மறைமலை நகர் போய்ச் சேர்ந்தன. விஷயம் தெருவில் பரவியது. அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுப் பேட்டரிகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பத்ரிநாராயணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து தன் டப்பாவை ஒப்படைத்து, காபி குடித்துவிட்டுப் போனார். 2008-இல் மின்வெட்டு வந்தபோது வீட்டுக்கு வீடு டார்ச் எரிந்தது, பேட்டரியும் குவிந்தது. டிரம் வழிவதைப் பார்த்து ஜீவானந்தம், "ஏம்ப்பா, செம்பாக்கம் முழுக்க டார்ச் லைட்லதான் வாழுதா?" என்று கேட்டார். ஜெயவேலு ஆமாம் என்றார். ஜீவானந்தம் இன்னொரு டிரம் வைத்தார்.

அந்த வருஷமே மத்தியாஸின் வேலை முடிந்தது. கிளம்பும் நாளில் காந்திமதி தானும் ஏர்போர்ட் வருவேன் என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வாசலில் இறங்கியதும் உருளைக்கா அவளைக் கட்டிப் பிடித்தார். காந்திமதியை அப்படி யாரும் பொது இடத்தில் கட்டிப் பிடித்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி நின்றாள். கடைசியில் ஒரு கையை மட்டும் எடுத்து அந்த அம்மாளின் முதுகில், குழந்தைக்கு ஏப்பம் எடுக்கத் தட்டுவதுபோல், இரண்டு தட்டு தட்டினாள்.

திரும்பி வரும்போது வண்டி பல்லாவரம் தாண்டியது. அப்புறம் காந்திமதி சொன்னாள்.

"அடுத்த வருசம் வரேன்னு சொல்லிச்சி."

"வருமா?"

"வராது." ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். "ஆனா சொல்லும்போது மெய்யாலுமேதான் சொல்லிச்சி."

குரோம்பேட்டை ஓரத்தில் தள்ளுவண்டியில் கொய்யா குவித்து வைத்திருந்தார்கள். ஜெயவேலு வண்டியை ஓரம் கட்டினார். காந்திமதி இறங்கி, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினாள்.